கொல்லை இல்லாத வீடுகள்

(மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டுத்தோட்டம், இயற்கையோடு இசைந்த வாழ்வு - இதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. காலையிலிருந்து வன்கொடுமை வழக்குகளைப் பேசினோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம ஜனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்ததைப் பேசினோம். அதைப் பேசின வாயோடு மத்தியானம் கத்திரிக்காயும் வெண்டைக்காயுமா என்று பின்வரிசையில் சிலர் சிரித்தது காதில் விழுந்தது. நியாயமான சிரிப்புத்தான். ஆனால் வேங்கைவயலும் கத்திரிக்காயும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு செடி வைக்க என்ன வேண்டும்? பத்தடி இடம் வேண்டும். தண்ணீர் வேண்டும். அதற்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஒருத்தருக்கு நேரம் வேண்டும். இடம், தண்ணீர், நேரம் இந்த மூன்றையும் இந்த நாட்டில் பங்குபோட்டு வைத்திருப்பது சாதி. அதனால் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவன் சாதியைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. தப்பித்துப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுதான் சிக்கல்.

முதலில் இடம். ஊருக்குள் ஒரு வீடு என்றால் தெரு, திண்ணை, கூடம், அப்புறம் கொல்லை. கொல்லையில் கிணறு, வாழை, முருங்கை, மாட்டுக்கொட்டகை, எருக்குழி. சேரியில் ஒரு வீடு என்றால் வாசல், பின்சுவர். பின்சுவருக்குப் பின்னால் அடுத்தவன் வாசல். நம்ம வீடுகளுக்குக் கொல்லை ஏன் இல்லை என்று யாராவது ஆராய்ந்திருக்கிறோமா? நம்ம ஆளுக்குத் தோட்டம் போடத் தெரியாதா? ஊரான் தோட்டத்தை எல்லாம் போட்டுக் கொடுத்தவன் யார்?

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். தரிசு நிலத்துக்கு நம்மவர்கள் மனுப்போட்டால் மிராசுதார்கள் குறுக்கே நின்று முன்னுரிமை கேட்டுத் தடுத்ததை அந்த அறிக்கை சொல்கிறது. குடியிருக்கிற மனையும் அவர்கள் பிடியில்தான். கூலி கூடக்கேட்டால் குடிசையைப் பிரி என்பான். நாளைக்கே பிரிக்கச் சொல்லக்கூடிய இடத்தில் எவன் தென்னம்பிள்ளை நடுவான்? தென்னை காய்க்க அஞ்சு வருசம் ஆகும். நாளைக்கு இங்கே இருப்போமா என்று தெரியாதவன் கீரை விதைப்பான், மரம் வைக்கமாட்டான்.

இது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். நிலமில்லாத விவசாயக் கூலி குடியிருக்கிற மனை அவனுக்கே சொந்தம் என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டில் ஒரு குடியிருப்புச் சட்டம் வர 1971 ஆகிவிட்டது. சுதந்திரம் வந்து 24 வருசம் கழித்துத்தான் தன் காலுக்குக் கீழே இருக்கிற மண் தன்னுது என்று சட்டப்படி சொல்லிக்கொள்ள முடிந்தது. அதற்கப்புறம் ஆதிதிராவிடர் நலத்துறை மூலமாக மனைப்பட்டா வந்தது. ரெண்டு சென்ட், மூணு சென்ட். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூணு சென்ட்டுக்குச் சுமார் 1,307 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு ஒரு காங்கிரீட் வீடு. மீதியில் கொல்லை வரலாம்தான். ஆனால் அப்பன் பேரில் வாங்கின மனையில் இன்றைக்கு அண்ணன் தம்பி மூணு பேரும் கூரை போட்டிருக்கிறான். நத்தம் விரியவில்லை, சனம் மட்டும் பெருகியிருக்கிறது. ஊர் நாலு பக்கமும் வளர்ந்துகொண்டே போகிறது. சேரிக்கு நாலு பக்கமும் ஊரான் வயல்.

ஒரு அரசாங்கம் மனசு வைத்தால் வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1997-இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தில் 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு. வீட்டுக்கு 5 சென்ட் மனை. அந்தத் திட்டத்தின் மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் வீடு என்றால் அதைச் சுற்றி மண்ணும் வேண்டும் என்ற ஒரு ஒப்புதல் அந்த 5 சென்ட்டில் இருக்கிறது. அதே கணக்கைச் சேரி மனைப்பட்டாவுக்கு ஏன் பொருத்தவில்லை என்று நாம் இதுவரை கேட்கவே இல்லை.

இரண்டாவது, சாணி. ஆமாம், சாணியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இன்றைக்கு இயற்கை வேளாண்மை என்றால் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் என்கிறார்கள். சாணியைக் கரைத்துப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். ரசாயன உரம் மண்ணைக் கெடுத்தது உண்மை. அதை ஊர் ஊராகப் போய்ச் சொன்ன நம்மாழ்வார் அய்யா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பேச்சிலெல்லாம் ஒரு ஆள் காணாமல் போயிருக்கிறான். கொட்டகையைக் கூட்டி, சாணி அள்ளி, எருக்குழியில் கொட்டி, மட்கினதை வண்டியில் ஏற்றி, வயலில் இறைத்தவன் யார்? பண்ணையாள். அவன் மனைவி. மாட்டை மேய்த்த அவன் பிள்ளை. அந்த எருவில் ஒரு கூடை தன் குடிசை ஓரம் கொட்ட அவனுக்கு உரிமை இருந்ததா? கிடையாது. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் அவனுக்குக் கிடைத்த சாணி வேறு. எதிர்த்துப் பேசினவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்தார்கள். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். 1940-களில் பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயச் சங்கம் செங்கொடியோடு போராடித்தான் அதை நிறுத்தியது.

ஆக, சாணிக்கும் நமக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 'மரபுக்குத் திரும்புவோம்' என்று ஒருத்தர் மேடையில் சொல்லும்போது, எந்த மரபுக்கு, அதில் எனக்கு எந்த இடம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி என்ன சொன்னார்? அறியாமையும் குறுகின மனசும் வகுப்புவாதமும் குடியிருக்கிற இடம் என்றார். கிராமத்தைக் கொண்டாடினவர்களுக்கு அன்றைக்கும் அது கசந்தது. இன்றைக்கும் பசுமை பேசுகிறவர்களில் பலர் அந்தப் பேச்சைப் படித்ததில்லை. மாட்டின் சாணி புனிதம், மூத்திரம் மருந்து, ஆனால் கறி தின்கிறவன் இயற்கைக்கு விரோதி என்று ஒரு சொல்லாடலையும் இதோடு சேர்த்து நைசாக உள்ளே விடுகிறார்கள். செத்த மாட்டின் தோலைப் பதப்படுத்தி, கொம்பைப் பயன்படுத்தி, கறியை உப்புக்கண்டம் போட்டு, எதையும் வீணாக்காமல் வாழ்ந்தவனுக்குச் சிக்கனத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். நம்மில் சிலர், 'நாமதான் ஆதியிலேருந்து இயற்கையோட வாழ்ந்தவங்க' என்று பெருமை பேசுகிறோம். அது பாதி உண்மை. எங்க ஆயாவுக்குக் களையெடுக்கப் போனால் மடி நிறையக் கீரை வரும். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, குமுட்டி, பருப்புக்கீரை, மூக்கிரட்டை. ஊரானுக்கு அது களை. ஆயாவுக்கு ராத்திரிக் குழம்பு. அந்த அறிவு பெரிய அறிவு. ஆனால் வேறு வழியில்லாததால் வந்த அறிவு. குறைவாகத் தின்றதையும் ஒரே சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினதையும் 'நீடித்த வாழ்வு' என்று பேர் வைத்துப் பாராட்டினால் அது பட்டினிக்குப் பொன்னாடை போர்த்துகிற வேலை. இப்போது அந்தக் கீரையும் இல்லை. களைக்கொல்லி அடிக்கிறார்கள். களையும் போச்சு, களையெடுக்கிற கூலியும் போச்சு, கீரையும் போச்சு. ஒரு மருந்து மூன்று பேரிழப்பைச் செய்திருக்கிறது. இதைப் பற்றி எந்தச் சுற்றுச்சூழல் கூட்டத்தில் சேரிப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்?

நகரத்துக்கு வாருங்கள். சென்னையில் கூவம் ஓரத்திலும் அடையாற்று ஓரத்திலும் குடியிருந்தவர்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்ப் போட்டார்கள். பெரும்பகுதி தலித்துகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேகம் கூடியது. ஆற்றைச் சுத்தம் செய்கிறோம், இயற்கையைக் காக்கிறோம் என்றார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. ஆத்தங்கரைக் குடிசை ஓரத்தில் ஒரு துளசியோ சுரைக்கொடியோ வைத்திருந்தவள் இப்போது ஏழாவது மாடியில் இருக்கிறாள். லிப்ட் ஓடினால் தண்ணீர் மேலே போகும், இல்லாவிட்டால் குடத்தைச் சுமந்து ஏறவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டினது. மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. இதே நகரத்தில் மாடித்தோட்டத்துக்கு அரசாங்கம் மானிய விலையில் தென்னைநார்க் கழிவும் பையும் விதையும் கொடுத்தது. நல்ல திட்டந்தான். ஆனால் யாருக்கு மாடி சொந்தம் என்று அந்தத் திட்டம் கேட்கவில்லை. குப்பையைப் பிரித்துப் போடுங்கள், மட்கும் குப்பை உரமாகும் என்கிறார்கள். பிரிக்காமல் போட்டதை வெறுங்கையால் பிரிக்கிறவர் யார், அவர் எந்தச் சாதி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு, 'அப்ப தோட்டமே வேண்டாங்கிறீங்களா?' என்று ஒரு தம்பி தேநீர் இடைவேளையில் கேட்டார். இல்லை தம்பி. வேண்டும். கட்டாயம் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

சேரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகியிருக்கிறது. முருங்கைக்கீரை வேண்டும். யார் வீட்டில் மரம் இருக்கிறது? ஊரான் வேலியில். ஆயா போய் நிற்பாள். 'ஆண்டே, ரெண்டு கொத்து ஒடிச்சிக்கட்டுமா?' உள்ளேயிருந்து பதில் வர அரைமணி நேரம் ஆகும். வெயிலில் நிற்கவேண்டும். அந்த ரெண்டு கொத்துக் கீரைக்கு மறுநாள் வாசல் பெருக்கவேண்டும், நெல் குத்தவேண்டும். சும்மா கொடுத்ததாக ஊரான் நினைத்துக்கொண்டிருப்பான். இன்றைக்கு ஆண்டே என்று கூப்பிடுவது பல இடங்களில் போய்விட்டது. வேலியும் மரமும் போகவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எல்லாச் சாதியும் சேர்ந்த கணக்கு இது. நம்ம தெருவை மட்டும் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு முருங்கைப் போத்தை மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும். இன்னொருத்தன் வேலியில் போய்க் கைநீட்டாமல் இருக்க முடிகிறதே, அதற்குப் பேர் சுயமரியாதை. சோத்துக்கு ஊரை நம்பியிருக்கிறவரை ஊர்க்கட்டுப்பாடு போட்டால் நாம் மூன்று நாளில் முறிந்துபோவோம். கடையில் சாமான் கொடுக்காதே, வேலைக்குக் கூப்பிடாதே என்று ஊர் கூடிப் பேசின இடங்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அந்த மூன்று நாளைப் பத்து நாளாக்க ஒரு கீரைப்பாத்தியும் நாலு கோழியும் உதவும்.

நடைமுறைக்கு வருவோம். நம்ம தெருவில் எவ்வளவு நெருக்கடி என்றாலும் சில வேலைகள் செய்யலாம்.

குளிக்கிற தண்ணீர் தெருவில் ஓடிச் சாக்கடையாகிக் கொசு வளர்க்கிறது. அஞ்சு பேர் இருக்கிற வீட்டில் ஒருநாளைக்குக் குறைந்தது அஞ்சு குடம். ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்கோ பப்பாளிக்கோ விடுங்கள். நடுவில் கல்வாழை நட்டால் சோப்புத் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். கீரைப்பாத்திக்கு மட்டும் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

இடம் இல்லாத வீட்டில் மேலே ஏற்றுங்கள். அவரை, பீர்க்கு, புடலைக்குப் பந்தல். கூரைவீடு இருந்தபோது சுரையும் பூசணியும் கூரைமேல்தான் காய்த்தன. காங்கிரீட் வீட்டுக்கு ஏணி வைத்தால் இப்போதும் முடியும். உரச்சாக்கை நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மட்கின எருவும் பாதிப்பாதி நிரப்பினால் கத்திரியும் மிளகாயும் காய்க்கும். காசு கொடுத்துப் பை வாங்கத் தேவையில்லை.

ரெண்டு வீட்டுக்குச் சேர்த்து மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி. ஆட்டுப்புழுக்கை, சாம்பல், காய்கறித் தோல், உதிர்ந்த தழை. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ரெண்டு மூணு மாசத்தில் எரு. நம்ம எரு, நம்ம குழி.

பூச்சிக்கு வேப்பங்கொட்டை. ஐம்பது கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைத்துத் தெளிக்கலாம்.

விதையை வாங்காதீர்கள், கேட்டுப் பெறுங்கள். பூசணி விதையைச் சாணியில் வைத்துச் சுவரில் அப்பி வைத்த கிழவிகள், சுரைக்குடுக்கையில் சாம்பலோடு விதை போட்டு வைத்த கிழவிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போகவேண்டும். அவர்கள் போய்விட்டால் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அது கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. இவ்வளவையும் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆம்பளைகள் திண்ணையில் உட்கார்ந்து விடுதலை பேசினால், அது தோட்டம் இல்லை, இன்னொரு பண்ணை. தண்ணீர் தூக்குவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆனால் பத்தடிப் பாத்தியோடு நின்றுவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். கொல்லையிலிருந்து வயலுக்குப் போகவேண்டும். திரமென்ஹீர் அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. முதல் பத்து ஆண்டுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம், மீறினால் செல்லாது என்பது நிபந்தனை. தமிழகத்தில் இது 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. இன்றைக்கு அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது? 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். அவர்கள் கேட்டதும் விதை போட ஒரு இடம்தான்.

நான் வங்கியில் எழுத்தராக இருக்கிறவன். சிட்டா அடங்கலில் பேர் இருக்கிறவர் வந்தால் பயிர்க்கடன் 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதமாகக் குறையும். அதே நிலத்தில் உழுது, நாத்து நட்டு, களையெடுத்த பெண் தன் தோட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள். அவள் பேரில் நிலம் இல்லை. அவளுக்குச் சாதாரண நகைக்கடன், சாதாரண வட்டி. விவசாயி என்று காகிதம் யாரைச் சொல்கிறது, சேறு யாரைச் சொல்கிறது என்பது ஒரே கவுண்டரில் தெரிந்துவிடுகிறது.

நிலம் கிடைத்தால் நம்ம பெண்கள் என்ன செய்வார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், 1983-இல் தொடங்கின டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களில் இருக்கிற தலித் பெண்கள், ஒன்றுக்கும் ஆகாது என்று அரசாங்கம் கழித்துக்கொடுத்த நிலத்தில் சோளமும் தினையும் துவரையும் கலந்து விதைத்தார்கள். விதையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ரேஷனில் அரிசி மட்டுமே வந்த காலத்தில் தங்கள் தானியத்தைத் தாங்களே சேமித்துத் தங்களுக்குள் விநியோகித்தார்கள். 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது அவர்களைத் தேடி வந்தது. நம்ம கீழத்தஞ்சையிலேயே கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாப்டி 1981 முதல் நிலத்தைக் கூலிப் பெண்களின் பேரிலேயே பதிவுசெய்து கொடுத்தது. அந்தப் பெண்கள் சேர்ந்து போராடின இறால் பண்ணை எதிர்ப்பில்தான் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்ற வழக்குப்போட்டு ஜெயித்த அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள் விவசாயக் கூலிப் பெண்கள். இயற்கையைக் காப்பாற்ற நமக்கு யாரும் வந்து பாடம் நடத்தவேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகளாக நான் முன்வைப்பது:

1. சேரிக்குக் கொடுக்கிற எந்த மனைப்பட்டாவும் 5 சென்ட்டுக்குக் குறையக்கூடாது. பட்டா பெண் பேரில், அல்லது இருவர் பேரில் இருக்கவேண்டும்.

2. தெருக்குழாயில் ஊருக்கு எத்தனை மணிநேரம் தண்ணீர் விடுகிறார்களோ அத்தனை மணிநேரம் சேரிக்கும் விடவேண்டும்.

3. மறுகுடியமர்வு என்ற பேரில் மண்ணே இல்லாத மாடிகளுக்கு மக்களைத் துரத்துவதை நிறுத்தவேண்டும்.

4. பஞ்சமி நிலத்தை அளந்து, மீட்டு, நிலமில்லாத தலித்துகளுக்குக் கொடுக்கவேண்டும்.

நாலாவது கோரிக்கைக்கு நீங்கள் யாருக்காகவும் காத்திருக்கவேண்டாம். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டு நகலைக் கேளுங்கள். 1979-இல் தொடங்கின யு.டி.ஆர். நில அளவைக்கு முந்தின பழைய பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். பழையதில் டி.சி. நிலம் என்று இருந்தது புதியதில் யார் பேரில் மாறியிருக்கிறது என்று சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். வருகிற ஆடிப்பட்டத்துக்குள் ஒவ்வொரு தெருவிலும் பத்து வீட்டு வாசலில் முருங்கையும் அவரையும் நிற்கட்டும். அதே ஆடிக்குள் உங்கள் கிராமத்துப் பஞ்சமி சர்வே எண்களின் பட்டியல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ரெண்டையும் கொண்டுவாருங்கள், காயையும் பட்டியலையும்.

ஜெய்பீம்.